வியோலாவின் நான்கெல்லை

நெல் களஞ்சியத்தைத் திறந்து தந்தவர்
ஒரு நிபந்தனைதான் வைத்தார்:
மாசி பிறந்தால் மூட்டைகள் வரும்,
அதுக்கு முதல் பெட்டியைத் தூக்கிவிட வேண்டும்.

பெட்டி என்றது ஹார்ப்சிகார்ட்டை.
சூரிச்சில் மூடிய ஒரு இசைப்பள்ளியிலிருந்து
இமெல்டாவின் தமையன் கப்பலில் போட்டது.
மாங்குளம் சந்தியில் இறக்கும்போது
சுமந்தவர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்தி,
"ஆரின்ர?" என்றார்.
"ஆளில்லை அண்ணை, கம்பிதான் கிடக்குது."

வெக்கைக்கு அதன் பிளாஸ்ரிக் நகங்கள்
ஒவ்வொன்றாய் ஒடிந்தன.
கம்பியைச் சுண்ட அந்தக் காலத்தில்
காகச் சிறகின் தண்டைத்தான் சீவிப் போட்டார்களாம்.
மீன்சந்தையின் பின்வேலியில் பொறுக்கினோம்.
சனிக்கிழமைகளில் நல்ல இறகு விழும்,
சோற்றுக்குச் சண்டை பிடிக்கிற நாள்.

கொன்சேர்ட்டோவின் ஐந்து சுவடிகளில்
நான்கு எஞ்சியிருந்தன.
வியோலா இல்லை.
எலி தின்றிருக்கலாம்.
அங்கும் ஒரு சண்டை நடந்திருக்கலாம்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவன்.
உறுதி தொலைந்த காணியைப்
பக்கத்துக் காணிகளின் உறுதியிலிருந்து கீறுவது வேலை.
வடக்கு: ஒழுங்கை.
கிழக்கு: சின்னையா பெண் பராசக்தி பேரிலுள்ள காணி.
தெற்கு: வாய்க்கால்.
மேற்கு: உரித்தாளர் தெரியாது.
சுற்றியிருப்பவர்கள் தங்கள் எல்லையைச் சொன்னால்
நடுவில் இருப்பது தானே தெரியும்,
அல்லது தெரிந்த மாதிரி இருக்கும்.

வியோலாவையும் அப்படித்தான் தேடினேன்.
மேலெல்லை: இரண்டாம் வயலின்.
கீழெல்லை: அடிக்குரல்,
அதன் கீழே பொடியெழுத்தில் இலக்கங்கள்,
ஆறு, நாலு, ஏழு,
இன்ன சுரம் இங்கே இருந்தாக வேண்டுமென்று.
இருக்க வேண்டிய சுரம்
வேறெவர் கையிலும் இல்லையென்றால்
அது வியோலாவிடம்தான் இருந்திருக்கும்.
அலுவலகப் பென்சிலால் எழுதினேன். அழிரப்பர் மூன்று முடிந்தது.

மெதுவான பகுதியில் மட்டும்
ஏழு கட்டங்களுக்கு ஒருவரும் எல்லை சொல்லவில்லை.
வயலின்கள் நிற்கின்றன. இலக்கம் இல்லை.
ஹார்ப்சிகார்ட் தனியே ஒரே இடத்தில் சுற்றுகிறது,
வரிசையில் நிற்கிற ஒருவர்
கையிலுள்ள துண்டை
மடித்து விரித்து மடிப்பதுபோல.
அங்கே வியோலாவுக்கு ஒரு மெட்டு எழுதினேன்.
உண்மையைச் சொன்னால், என் மெட்டு.

வாசிக்க வந்த ஞானரூபன் மல்லாவி வங்கியில் காசாளர்.
ஒருதரம் வாசித்துவிட்டு வில்லை இறக்கினான்.
"இது ஆர் கையெழுத்து?"
"ஊகம்."
"நல்லாத்தான் இருக்கு. அதுதான் சந்தேகம்."

நான்கு இரவுகள் பதிவு செய்தோம்.
இன்றைய சுருதிக்கு அரைச்சுரம் கீழே கட்டிய கம்பிகள்
மழைக் குளிரில் தம்பாட்டுக்கு அலைந்தன.
தகரக் கூரைக்கு வைக்கோல் பரப்பினோம்.
தவளைகளை ஒன்றும் செய்ய முடியவில்லை.
மூன்றாம் இரவு தபால் ரயில்
நாற்பத்தோராம் கட்டத்தில் ஏறியது.
இமெல்டா நிறுத்தவில்லை,
நானும் அழிக்கவில்லை.

சித்திரையில் ஒரு கடிதம்.
எங்கோ ஒரு தேவாலயத்து ஓர்கன் பெட்டிக்குள்
அந்தச் சுவடி அகப்பட்டிருந்தது.
காணிக்காரர் உறுதியோடு வந்துவிட்டார்.

ஒப்பிட்டேன். இருநூற்றுப் பதினொரு பிழை.
அது வழமைதான்,
வேலி இரண்டு முழம் தள்ளியிருக்கும்,
கிணறு மற்றப் பக்கம் இருக்கும்.
அந்த ஏழு கட்டங்களில்
ஓய்வுக்குறி, ஓய்வுக்குறி, ஏழு ஓய்வுக்குறி.
வியோலாக்காரர் வில்லை மடியில் வைத்துக்
கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடம்.
நான் அங்கே வீடு கட்டியிருந்தேன்.

பெட்டி இப்போது இமெல்டா வீட்டு முன்னறையில்.
"என்ன, உடைக்கிறதோ?" என்றான் ஞானரூபன்.
அவள் பதில் சொல்லவில்லை,
ஒடிந்த நகமொன்றைக் கத்திநுனியால்
நெம்பிக்கொண்டிருந்தாள்.
இறகு எடுக்க நான் வெளியே வந்தேன். சனிக்கிழமை.

வேலியோரம் குனிந்தபடி
ஏழு கட்டத்தையும் எண்ணிப் பார்த்தேன்,
மெதுவாக, வாய்க்குள் ஒன்றும் முணுமுணுக்காமல்.
மூன்றாவதிலேயே
மெட்டு வந்துவிட்டது.